பழைய மாற்றிகளைத் தூக்கி எறியாதீர்கள்

தலைப்பைப் பார்த்து ஏதோ தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் சமாச்சாரம் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். :-) இது மென்பொருள் பற்றிய பதிவு. பழைய களஞ்சியங்களை இன்றைய வடிவத்துக்கு மாற்றித் தரும் கருவிகளைப் பற்றியது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்காத நண்பர்களும் தாராளமாகப் படிக்கலாம். புரியாத வார்த்தை வந்தால் அங்கேயே விளக்கிவிடுகிறேன்.

கதை எங்கள் துறை ஸ்டோர் ரூமில் ஆரம்பிக்கிறது. இறுதியாண்டு பிராஜெக்டுக்குத் தமிழ் சொற்பிழை திருத்தி ஒன்றை எடுத்திருக்கிறேன். முழுக்கப் புதிதாக எழுதவில்லை. 2003 முதல் 2006 வரை எங்கள் துறையில் படித்த சீனியர்கள் எழுதி வைத்துப்போன ஒன்று லேப் சர்வரில் கிடந்தது. அதை இன்றைய யூனிகோடுக்குக் கொண்டுவந்து பெரிதாக்குவதுதான் என் வேலை. நிரலைப் படித்துக்கொண்டே வந்தபோது ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன். இரண்டாவது சொற்பட்டியலைப் படிக்கும்போது மட்டும், சொல்லின் முதலில் 'ஒ' வந்து அடுத்து வெறும் 'ள' வந்தால் இரண்டையும் சேர்த்து 'ஔ' ஆக்கு என்று நான்கு வரி எழுதியிருந்தது. முதல் பட்டியலுக்கு அந்த விதி இல்லை. ஏன் என்று ஒரு குறிப்பும் இல்லை.

எனக்கு அது தப்பாகப் பட்டது. பட்டியலில் பிழை இருந்தால் பட்டியலைத்தானே திருத்த வேண்டும், நிரலில் எதற்கு ஒட்டுப்போட வேண்டும்? நான்கு வரியையும் நீக்கிவிடலாம் என்று இருந்தேன். லேப் அண்ணனிடம் சொன்னேன். "அவசரப்படாத தம்பி. அந்த செட் பசங்க எதையும் காரணமில்லாம எழுத மாட்டாங்க. அவங்க சிவிஎஸ் சிடி ஸ்டோர் ரூம்ல எங்கயாவது கிடக்கும், தேடிப் பாரு" என்றார்.

தேடினேன். மார்க்கர் பேனாவில் 2006 என்று எழுதிய ஒரு சிடி கிடைத்தது. ஓரத்தில் லேசாக உரிந்திருந்தாலும் நல்லவேளையாகப் படித்தது. உள்ளே மூன்று வருட வேலையின் முழு வரலாறும் இருந்தது. ஆனால் அதை நான் படிக்க முடியவில்லை. இந்தப் பதிவு அதனால்தான்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். நிரல் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு முறை மாற்றம் செய்யும்போதும் யார் மாற்றினார், எப்போது, எதை, ஏன் என்பதைப் பதிவுசெய்து வைப்பார்கள். அந்த வேலையைச் செய்யும் மென்பொருள்தான் வெர்ஷன் கன்ட்ரோல். பதிவுகள் எல்லாம் சேர்ந்திருக்கும் இடம் ரெபாசிட்டரி, அதாவது களஞ்சியம். ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட். வீட்டில் அப்பா பழைய டைரியில் எழுதும் வரவு செலவுக் கணக்கு மாதிரி. இன்றைக்குக் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பர்ஸைப் பார்த்தாலே தெரியும். எப்படி அவ்வளவு ஆனது என்பது டைரியில்தான் இருக்கும்.

இந்த மென்பொருள்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் எஸ்சிசிஎஸ் எழுதினார். 1980களின் தொடக்கத்தில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிச்சி ஆர்சிஎஸ் எழுதினார். அதன் மேல் கட்டப்பட்டது சிவிஎஸ். டிக் க்ரூன் 1986இல் வெளியிட்ட ஷெல் ஸ்கிரிப்டுகளில் தொடங்கி, பிரையன் பெர்லினர் கையில் சி மொழி நிரலாக மாறியது. தொண்ணூறுகளிலும் 2000களின் முன்பாதியிலும் கட்டற்ற மென்பொருள் உலகமே சிவிஎஸ்ஸில்தான் ஓடியது. 2004இல் சப்வெர்ஷன் 1.0 வந்தது. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் எழுதினார். அதே மாதம் மெர்க்குரியலும் வந்தது. பசார், டார்க்ஸ், மோனோடோன் என்று இன்னும் பல இருந்தன. இன்று நம் வகுப்பில் யாரைக் கேட்டாலும் கிட் ஒன்றுதான் தெரியும். கிட்டுக்கு முன்னால் எதுவுமே இல்லை என்று நினைப்பவர்களும் உண்டு.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது பழைய வரலாற்றையும் கூடவே எடுத்துப்போக வேண்டுமே. அதற்குத்தான் மாற்றிகள். சிவிஎஸ்ஸிலிருந்து சப்வெர்ஷனுக்கு, சப்வெர்ஷனிலிருந்து கிட்டுக்கு, மெர்க்குரியலிலிருந்து கிட்டுக்கு என்று ஒவ்வொரு வழிக்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒரு கருவி எழுதினார்.

"ஒரு வடிவத்தில் இருப்பதை இன்னொரு வடிவத்தில் எழுத வேண்டும், அவ்வளவுதானே? ஒரு நாளில் நானே எழுதிவிடுவேன்" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. எழுதியும் பார்த்தேன். சுமார் 150 வரி. ஓடியது, கிட் களஞ்சியமும் வந்தது. திறந்து பார்த்தால் குப்பை.

ஏன் குப்பை என்பதைச் சொன்னால்தான் மாற்றிகளின் அருமை புரியும். சிவிஎஸ் ஒவ்வொரு கோப்பின் வரலாற்றையும் தனித்தனியாக வைக்கும். நீங்கள் ஒரே நேரத்தில் பத்துக் கோப்புகளை மாற்றிப் பதிந்தால், அந்தப் பத்தும் ஒரே வேலை என்று சிவிஎஸ் எங்கேயும் எழுதி வைக்காது. பத்துக் கோப்புகளிலும் தனித்தனியாக ஒரு வரி சேரும், அவ்வளவுதான். கிட் அப்படி இல்லை. ஒரு கமிட் என்பது முழுக் களஞ்சியத்தின் ஒரு நிலை. ஆகவே மாற்றி என்ன செய்ய வேண்டும்? ஆயிரக்கணக்கான தனித்தனி வரிகளைப் பார்த்து, எவையெல்லாம் ஒன்றாகப் பதியப்பட்டவை என்று ஊகிக்க வேண்டும். ஒரே ஆள், ஒரே செய்தி, நேரம் சில நிமிட இடைவெளிக்குள் என்றால் ஒரே கமிட். கேட்க எளிது. சர்வரின் கடிகாரம் பின்னால் போயிருந்தால்? ஒரே ஆள் "திருத்தம்" என்று ஒரே வார்த்தையை அடுத்தடுத்து ஐந்து முறை எழுதியிருந்தால்? ஒரு கிளையைப் பாதிக் கோப்புகளில் இன்றைக்கும் மீதியில் நாளைக்கும் உருவாக்கியிருந்தால்? யாரோ களஞ்சியத்துக்குள் நேரடியாகப் புகுந்து கோப்பைக் கையால் நகர்த்தியிருந்தால்?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் சிவிஎஸ்2எஸ்விஎன் போன்ற கருவியில் பதில் உண்டு. மைக்கேல் ஹேகர்ட்டியும் மற்றவர்களும் பல வருடம், பல திட்டங்களின் அடிபட்ட களஞ்சியங்களைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கியது அது. அதோடு கூடவே வருவது சிவிஎஸ்2கிட். நான் 150 வரியில் எழுதியதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் நிரலின் நீளம் மட்டும் இல்லை. அவர்கள் பார்த்த விபரீதங்களை நான் பார்க்கவில்லை. இனிமேல் பார்க்கவும் வாய்ப்பு குறைவு, ஏனென்றால் சிவிஎஸ் களஞ்சியத்தில் தினமும் வேலை செய்தவர்களே அருகி வருகிறார்கள். அந்த அனுபவம் இன்று இருப்பது அந்தக் கருவிக்குள்தான்.

சரி, அந்தக் கருவியைப் போட்டு ஓட்ட வேண்டியதுதானே என்கிறீர்களா? அங்கேதான் வந்தது வினை.

கிட்டோடு சிவிஎஸ் இறக்குமதிக் கட்டளை ஒன்று வரும். அது சிவிஎஸ்பிஎஸ் என்ற இன்னொரு கருவியை நம்பி இருக்கிறது, அதுவும் அதன் பழைய இரண்டாம் பதிப்பை மட்டும். இதை நம்பாதே, தப்பான வரலாறு வரலாம், வேறு கருவியைப் பயன்படுத்து என்று கிட்டின் கையேடே எச்சரிக்கிறது. அது பரிந்துரைக்கும் கருவிகளில் ஒன்று சிவிஎஸ்2கிட். சிவிஎஸ்2கிட் எழுதப்பட்டது பைத்தான் 2இல். பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்தது. 2023இல் வந்த டெபியன் 12இல் பைத்தான் 2 இல்லவே இல்லை. என் மடிக்கணினியிலும் இல்லை.

இதில் யார் மேலும் தப்பு சொல்ல முடியாது. பைத்தான் குழு 2008இலேயே பைத்தான் 3 வெளியிட்டு, பன்னிரண்டு வருடம் இரண்டையும் சுமந்தது. டெபியனில் சம்பளம் இல்லாமல் வேலை செய்பவர்கள் எத்தனை பழைய மூட்டையைத் தூக்குவார்கள்? ஹேகர்ட்டி எழுதிய கருவி அது எதற்காக எழுதப்பட்டதோ அதைச் செய்து முடித்துவிட்டது. ஒவ்வொருவரும் தன்னளவில் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். கூட்டிப் பார்த்தால், என் கையில் இருக்கும் சிடி ஊமையாகிவிட்டது.

இது என் ஒருவனுடைய சோகக்கதை என்றால் பதிவு போட்டிருக்க மாட்டேன். கொஞ்ச வருடமாகப் பெரிய அளவில் இதுதான் நடந்துகொண்டிருக்கிறது. கூகுள் கோட் 2015இல் புதிய திட்டங்களை நிறுத்தியது, 2016 ஜனவரியில் மூடியது. சோர்ஸ்ஃபோர்ஜ் 2017இல் சிவிஎஸ்ஸில் புதிதாகப் பதிவதை நிறுத்தியது. 2008இல் மெர்க்குரியலுக்காகவே தொடங்கப்பட்ட பிட்பக்கெட், 2019 ஆகஸ்டில் மெர்க்குரியலை விடப்போவதாக அறிவித்து, 2020இல் அந்தக் களஞ்சியங்களை நீக்கியது. கிட்ஹப் 2024 ஜனவரியில் சப்வெர்ஷன் வழியாக அணுகும் வசதியை எடுத்தது. சில மாதத்தில் சப்வெர்ஷன், மெர்க்குரியல் களஞ்சியங்களை நேரடியாக இறக்குமதி செய்யும் வசதியையும் எடுத்தது. 2025இல் லான்ச்பேட் தளம் பசார் களஞ்சியங்களுக்கு விடைகொடுக்கத் தொடங்கியது.

பிட்பக்கெட் விஷயத்தில் நல்லது ஒன்றும் நடந்தது. பிரான்சின் இன்ரியா ஆராய்ச்சி நிறுவனம் 2016இல் தொடங்கிய சாஃப்ட்வேர் ஹெரிட்டேஜ் என்ற காப்பகமும், ஆக்டோபஸ் என்ற சின்ன நிறுவனமும் சேர்ந்து, நீக்கப்படுவதற்கு முன் இரண்டரை லட்சம் பொதுக் களஞ்சியங்களைக் காப்பாற்றி வைத்தார்கள். அவர்களுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் யோசியுங்கள். காப்பாற்றியது மெர்க்குரியல் களஞ்சியங்களை. இன்னும் இருபது வருடம் கழித்து ஒரு மாணவன் அதில் ஒன்றைத் திறக்க வந்தால், மெர்க்குரியலைப் படிக்கும் கருவியும் ஓட வேண்டுமே? பெட்டியைப் பத்திரமாக வைத்துவிட்டுச் சாவியைத் தொலைத்த கதை ஆகிவிடக் கூடாது.

"பழைய வரலாறு யாருக்கு வேண்டும்? கடைசி நிலை இருந்தால் போதாதா?" என்று என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்விதான்.

லினக்ஸையே எடுத்துக்கொள்வோம். 2002 முதல் 2005 வரை லினக்ஸ் கெர்னல் பிட்கீப்பர் என்ற வணிக மென்பொருளில் இருந்தது. இலவச உரிமம் திரும்பப் பெறப்பட்டதும் லினஸ் கிட்டை எழுதினார். கெர்னலின் கிட் களஞ்சியம் 2005 ஏப்ரலில் பழைய வரலாறு எதுவும் இல்லாமல் தொடங்குகிறது. பழையதைக் கொண்டுவந்தால் 3.2 ஜிபி ஆகும், வேண்டுமானால் பிறகு தனியாக ஒரு வரலாற்றுக் களஞ்சியம் செய்துகொள்ளலாம் என்பது அந்த முதல் கமிட்டின் செய்தியிலேயே இருக்கிறது. அப்படியே பிறகு தாமஸ் க்ளெய்க்ஸ்னர் பிட்கீப்பர் காலத்து வரலாற்றை கிட்டுக்கு மாற்றித் தனியாக வைத்தார். இன்றைக்கும் கெர்னலில் ஒரு பழைய வரி ஏன் வந்தது என்று தோண்டுகிறவர்கள் 2005இல் வந்து முட்டிக்கொண்டால், அந்தப் பழைய களஞ்சியத்தை ஒட்டவைத்துக்கொண்டு மேலே போகிறார்கள். அவர் அன்று மாற்றி வைக்காமல் போயிருந்தால், 2005க்கு முந்தைய வரிகளைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான் கிடைத்திருக்கும்: "முதல் நாளிலிருந்தே இருக்கிறது."

இன்னும் பழைய உதாரணம் யூனிக்ஸ். கிரேக்கப் பேராசிரியர் டையோமிடிஸ் ஸ்பினெலிஸ், 1970களிலிருந்து தொடங்கும் யூனிக்ஸ் வரலாற்றை ஒரே கிட் களஞ்சியமாகத் தொகுத்து 2015இல் வெளியிட்டார். அதில் ஒரு பகுதி பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிஎஸ்டி குழு எஸ்சிசிஎஸ்ஸில் வைத்திருந்தது. அதைக் கிர்க் மெக்குசிக் பத்திரமாக வைத்திருந்து சிடிகளாக வெளியிட்டார். ஆமாம், சிடிதான்! 1972இல் பிறந்த ஒரு வடிவத்தைப் படிக்கத் தெரிந்த நிரல் இந்த நூற்றாண்டிலும் ஓடியதால்தான் அந்தப் பகுதி நமக்குக் கிடைத்தது.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. ஒருமுறை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது, பழையதையும் மாற்றியையும் தூக்கிப் போட்டுவிடலாம் என்பது தப்பான நினைப்பு. ஜிசிசி கம்பைலரைப் பாருங்கள். சப்வெர்ஷனில் இருந்த அதன் வரலாற்றுக்குப் பல வருடமாக ஒரு கிட் நகல் இருந்தது. ஆனாலும் 2020 ஜனவரியில் அதிகாரபூர்வமாக கிட்டுக்கு மாறியபோது அந்த நகலையே வைத்துக்கொண்டு திருப்திப்படவில்லை. மூலத்திலிருந்து மறுபடி மாற்றினார்கள். எரிக் ரேமண்டின் ரெப்போசர்ஜன் கருவி, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கமிட்டுகளைத் தாங்க முடியாமல், பைத்தானிலிருந்து கோ மொழிக்கு மாற்றி எழுதப்பட்டது இதற்காகத்தான். முதல் மாற்றம் கடைசி மாற்றமாக இருக்க வேண்டியதில்லை. இரண்டாம் முறை இன்னும் சரியாக வரும். அதற்கு மூலமும் வேண்டும், மாற்றியும் வேண்டும்.

தமிழ்க் கணிமையில் கொஞ்சமாவது புழங்கியவர்களுக்கு இதை இவ்வளவு விளக்க வேண்டியதே இல்லை. டிஸ்கி, டேப், பாமினி என்று ஆளுக்கொரு எழுத்து முறையில் எழுதிக் குவித்த காலம் ஒன்று இருந்தது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இலக்கியங்களை முதலில் டிஸ்கியில்தான் வெளியிட்டது, பிறகுதான் யூனிகோடு. மாற்றிகள் இருந்ததால்தானே அந்தக் காலத்து உழைப்பு வீணாகாமல் இன்றும் படிக்க முடிகிறது? மாற்றி இல்லாத எழுத்துருவில் ஒரு கோப்பு கிடைத்தால் என்ன ஆகும் என்று பழைய வார்ட் கோப்பைத் திறந்து, கட்டம் கட்டமாகப் பார்த்தவர்களைக் கேளுங்கள்.

என் சிடி கதையில் இந்த இரண்டு பிரச்சினையும் ஒன்றாக வந்தன. சீனியர்கள் கமிட் செய்திகளைத் தமிழில் எழுதியிருக்கிறார்கள், டிஸ்கியில்! நான் எழுதிய 150 வரி ஸ்கிரிப்ட் அதை யூனிகோடு என்று நினைத்துப் படித்து, புரியாத இடத்திலெல்லாம் கேள்விக்குறி போட்டுவிட்டது. மூன்று வருடத்துச் செய்திகள், வரிசையாகக் கேள்விக்குறிகள். அன்றைக்கு "கிட்டுக்கு மாத்தியாச்சு" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு சிடியைத் தூக்கி எறிந்திருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும்.

பிறகு என்ன செய்தேன்? டெபியன்காரர்கள் ஒரு நல்ல காரியம் செய்து வைத்திருக்கிறார்கள். தங்கள் பொதிகளின் பழைய பதிப்புகளை 2005 முதல் தேதிவாரியாகச் சேமித்து, ஸ்னாப்ஷாட் என்ற பெயரில் திறந்து வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து பைத்தான் 2 இருந்த காலத்து டெபியனை ஒரு மெய்நிகர் கணினியில் நிறுவி, அதே காலத்து சிவிஎஸ்2கிட்டையும் போட்டேன். பைத்தானுக்கு டிஸ்கி தெரியாது. அதனால் செய்திகள் எல்லாம் லத்தீன்-1 எழுத்து முறையில் இருப்பதாகப் பொய் சொன்னேன். அந்தப் பொய்யில் ஒரு வசதி உண்டு. எந்த பைட்டும் தொலையாது, பிறகு அப்படியே திருப்பி எடுக்கலாம். அப்படி எடுத்ததை ஐகான்வ் என்ற கட்டளைக்குக் கொடுத்தேன். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியோடு வருவது அது. அதற்கு டிஸ்கி தெரியும். யாரோ ஒருவர் இருபது வருடத்துக்கும் முன்னால் சேர்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உலகத்தில் எத்தனை பேர் அதைப் பயன்படுத்துவார்கள்? ஆனால் எனக்குத் தேவைப்பட்ட அன்று அது அங்கே இருந்தது.

திரையில் தமிழ் வந்தது. அந்த நான்கு வரி சேர்ந்த கமிட்டைத் தேடிப் போனேன். சிவிஎஸ்2கிட் நிரல் கோப்பையும் இரண்டாவது சொற்பட்டியலையும் ஒரே கமிட்டில் சேர்த்துக் காட்டியது. என் ஸ்கிரிப்ட் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் போட்டிருந்தது. செய்தியின் சாரம் இதுதான்: இந்தப் பட்டியலைத் தட்டிக் கொடுத்தவர் தட்டச்சுப் பொறியில் பழகியவர். அந்தப் பொறியில் 'ஔ'வுக்குத் தனி விசை கிடையாது, 'ஒ'வும் 'ள'வும் சேர்த்துத்தான் அடிப்பார்கள். அவர் மாதாமாதம் புதுப் பட்டியல் அனுப்புவார். நாம் பட்டியலைத் திருத்தினாலும் அடுத்த மாதம் மறுபடி அப்படியே வரும். எனவே படிக்கும் இடத்திலேயே சரிசெய்கிறோம்.

நான் அந்த நான்கு வரியை நீக்கியிருந்தால், 'ஔவை', 'ஔடதம்' போன்ற சொற்களைச் சரியாக எழுதியவர்களுக்கெல்லாம் என் சொற்பிழை திருத்தி சிவப்புக் கோடு போட்டிருக்கும். ஔவையாருக்கே சிவப்புக் கோடு! வைவாவில் மானம் போயிருக்கும். :-)

இப்போது மறுப்புகளுக்கு வருகிறேன். பழைய கருவிகளை ஓடவிடுவது ஆபத்து என்பார்கள். இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. நான் மேலே புகழ்ந்த அதே ஐகான்வ் பகுதியில், அரிதாகப் பயன்படும் ஒரு சீன எழுத்து முறையின் மாற்றியில் இருபது வருடத்துக்கும் மேலாக ஒளிந்திருந்த பிழை ஒன்று 2024இல் வெளிவந்தது. அதை வைத்து பிஎச்பி தளங்களுக்குள் நுழைய முடியும் என்று காட்டினார்கள். யாரும் பயன்படுத்தாத மூலையில் இருக்கும் நிரல்தான் யாரும் கவனிக்காத ஓட்டையாகவும் ஆகும் என்பது உண்மை.

ஆனால் நான் கேட்பது பழைய மாற்றிகளை எல்லா சர்வரிலும் நிறுவி வையுங்கள் என்று இல்லை. கிடைக்கும்படி வையுங்கள் என்றுதான். இணையத்தோடு தொடர்பில்லாத ஒரு மெய்நிகர் கணினிக்குள் ஓட்டி, வந்ததை வெளியே எடுத்துக்கொண்டு மூடிவிடலாம். நான் செய்ததும் அதைத்தான். புழக்கத்திலிருந்து ஓய்வு கொடுப்பது வேறு, கிடைக்காமல் செய்வது வேறு.

"பயன்படுத்துவோர் ரொம்பக் குறைவு" என்பது இன்னொரு மறுப்பு. இருக்கலாம். காப்பகத்துக்குத் தினமும் கூட்டம் வராது. ஒரு களஞ்சியத்துக்கு இருபது வருடத்தில் ஒரே ஒருமுறைதான் மாற்றி தேவைப்படும். அந்த ஒருமுறை அது இல்லாவிட்டால் மொத்தமும் போச்சு. இந்த மாதிரி விஷயத்தில் மாதத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிப் பார்த்து முடிவெடுப்பது சரியான கணக்கு இல்லை.

சரி, யார் என்ன செய்ய வேண்டும்? எனக்குத் தோன்றியவை இவை.

களஞ்சிய சேவை நடத்தும் தளங்கள் ஒரு வடிவத்தை விடும்போது, மூடும் தேதியை மட்டும் அறிவிக்காமல், சோதித்துப் பார்த்த ஒரு மாற்றியையும் அதை எப்படி ஓட்டுவது என்ற குறிப்பையும் சேர்த்து வெளியிட வேண்டும். மாற்றிய வடிவத்தோடு மூலக் களஞ்சியத்தையும் இறக்கிக்கொள்ள விட வேண்டும்.

மாற்றி எழுதியவர்கள், இனிமேல் பராமரிக்க முடியாது என்றால் தாராளமாக நிறுத்தட்டும். நிறுத்தும் முன் அது ஓடும் சூழலையும் சேர்த்து ஒரு வட்டுப் படிமமாகவோ டாக்கர் படிமமாகவோ ஒரு பொதுக் காப்பகத்தில் வைத்துவிட்டுப் போகட்டும். கூடவே ஒரு சின்ன மாதிரிக் களஞ்சியமும், அதை மாற்றினால் வர வேண்டிய விடையும் இருந்தால் பின்னால் வருகிறவன் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்வான்.

லினக்ஸ் வழங்கல்கள் பழைய பொதிகளைக் கைவிடலாம், ஆனால் டெபியன் ஸ்னாப்ஷாட் போன்ற கிடங்குகளைக் கைவிடக் கூடாது. அதற்கு ஆகும் வட்டுச் செலவுக்குப் பெரிய நிறுவனங்கள் கைகொடுக்கலாம். அவர்களுடைய பழைய நிரலும் ஏதோ ஒரு சப்வெர்ஷனிலோ சோர்ஸ்சேஃபிலோதான் தூங்கிக்கொண்டிருக்கும்.

கடைசியாக நாம். ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு ஸ்டோர் ரூம் இருக்கிறது. அங்கே நமக்கு முன்னால் படித்தவர்களின் மூன்று வருட யோசனை ஒரு சிடியில் உரிந்துகொண்டிருக்கிறது. சிடிக்கு ஆயுள் குறைவு. இந்த செமஸ்டர் லீவில் ஒரு நாள் ஒதுக்கி, அவற்றைப் படித்து ஹார்ட் டிஸ்கில் ஏற்றுங்கள். மாற்ற முடிகிறதோ இல்லையோ, முதலில் மூலத்தைக் காப்பாற்றுங்கள். உங்கள் ஸ்கிரிப்ட் மேல் நம்பிக்கை வைத்து மூலத்தை அழித்துவிடாதீர்கள். அனுபவப்பட்டவன் சொல்கிறேன்.

எங்கள் துறையில் நான் செய்ததைச் சொல்லி முடிக்கிறேன். சிடியின் படிமம், மாற்றிய கிட் களஞ்சியம், மாற்றி ஓடிய மெய்நிகர் கணினி, ஒரு பக்கத்துக்கு எப்படி ஓட்டுவது என்ற குறிப்பு, நான்கையும் லேப் சர்வரில் ஒரே அடைவில் போட்டு, இன்னொரு பிரதியை எச்ஓடி சார் பீரோவிலும் வைத்தாயிற்று. லேப் அண்ணனிடம் காட்டினேன். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, இந்த மெய்நிகர் கணினி பத்து வருஷம் கழிச்சு எதுல ஓடும்?"

பதில் என்னிடம் இல்லை. இப்போதைக்கு வருடத்துக்கு ஒருமுறை யாராவது ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று குறிப்பில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அடுத்த வருடம் ஓட்டிப் பார்க்க ஜூனியர் பையன் ஒருவன் ஒத்துக்கொண்டிருக்கிறான்.